எட்டு நாள் வாரம்

ஜிம் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணை
திங்கள் மார்பு என்றது, செவ்வாய் முதுகு என்றது.
இம்தியாஸிடம் சொன்னேன்:
தம்பி, என் வாரத்தில் திங்கள் கிடையாது.
ரெண்டு காலை, ரெண்டு மதியம், ரெண்டு ராத்திரி,
ரெண்டு லீவு.
கூட்டிப் பார், எட்டு வரும்.
விரலை மடக்கி எண்ணிவிட்டு
அப்ப நீங்களே போட்டுக்கோங்க மேடம் என்றான்.

போட்டேன்.
சுங்கச்சாவடி ரசீதுச் சுருளின் பின்பக்கத்தில்
ஒரு முழ நீளத்துக்கு.

முதல் காலை: வேலை முடிந்து மூன்று மணிக்கு
டிரெட்மில் இருபது நிமிடம்.
வேகம் ஐந்து. மூச்சு வாங்கினால் நாலரை.
வாங்கும்.
இரண்டாம் காலை: தோள், கை.
வலது கைக்கு ஒரு சுற்று குறைவு.
பதினோரு வருஷம் ஜன்னலுக்கு வெளியே
நீட்டி நீட்டி வாங்கிய கை அது;
ஃபாஸ்டேக் வந்த பிறகுதான் சும்மா இருக்கிறது,
நானும்.
சும்மா இருந்ததற்கு ரசீது
லேப்காரன் கொடுத்தான்: சர்க்கரை, ஆறு புள்ளி மூன்று.

மதிய ஷிஃப்ட் என்றால் விடிந்ததும் போய்விட வேண்டும்,
ராயக்கோட்டை ரோட்டில் கீழே டயர் கடை திறக்கும் முன்.
திறந்துவிட்டால் மாடிப்படியெல்லாம் டியூப்.
பெல்ட் ஓடுகிறது, நான் ஓடுகிறேன்,
ஜன்னலில் அதே சையது பாஷா மலை,
ஒரு அங்குலம் கிட்டே வரவில்லை.
சாவடியில் எல்லாம் என்னைக் கடந்து போகும்.
இங்கே நான் ஒன்றையும் கடப்பதில்லை.
வேர்வை மட்டும்
ஓசூர் வரை போய் வந்தது மாதிரி.

சாப்பாட்டுப் பகுதிதான் நீளம்.
களி ரெண்டு உருண்டை இனி ஒன்று.
அதுவும் திம்மராயன் பிடிக்கிற உருண்டை அல்ல;
என் வீட்டுக்காரர் கையில் உருண்டை என்றால் தேங்காய்.
கீரைக்கடைசல் எவ்வளவு வேண்டுமானாலும்.
கொள்ளுச் சட்னி. எண்ணெய் ஒரு கரண்டி,
சின்னக் கரண்டி.
ராத்திரி மூன்று மணி டீயில் சர்க்கரை இல்லை,
பன் இல்லவே இல்லை.
பன்னுக்குப் பதில் வறுகடலை என்று எழுதும்போதே
பக்கத்து லேனிலிருந்து முனிரத்னம்மா சிரித்தாள்,
வாயில் பன்னோடு.

அந்த ராத்திரிதான்.
சேலம் பக்கமும் பெங்களூர் பக்கமும்
ஒரு விளக்கும் வராத ஒரு நிமிடம்.
ஏழாம் லேனில் எடை மேடை;
லாரிகளை ஏற்றி ஓவர்லோடு என்று
நான் அதட்டிப் பணம் கேட்கும் இடம்.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன்.
அது இருபது இருபதாகத்தான் எண்ணும்.
எண்பது என்றது.
ஜிம் மெஷினில் எழுபத்தாறு நானூறு.
மீதி மூணு கிலோ அறுநூறுக்கு
யாரிடம் சண்டை போட?
எத்தனை டிரைவர் இதையே கேட்டார்கள் என்னிடம்,
நான் ஸ்கிரீனைக் காட்டினேன்.
கேமராவில் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும்.

ராத்திரி முடிந்து வரும் காலைகளுக்கு
தூக்கம் என்று எழுதி ரெண்டு கோடு போட்டேன்.
தூக்கமும் பயிற்சிதான் என்கிறான் இம்தியாஸ்.
அவன் சொன்னதில்
மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

ஏழாம் நாள்: அணைப் பூங்காவில் நாலு சுற்று,
வறுத்த மீன் கடைக்கு எதிர்ப்பக்கமாக.

எட்டாம் நாள் இன்னும் முடியவில்லை.
மாதம் மே.
மல்கோவா ஏற்றிய டெம்போக்காரர்
சில்லறையோடு ஒரு பழத்தையும் நீட்டிவிட்டு
வெச்சுக்கோக்கா என்கிறார்.
வேண்டாம் என்று சொல்வதற்குள்
பின்னால் ஆறு ஹாரன்.

மாம்பழம், கால் என்று எழுதி
அடித்தேன்.
பாதி என்று எழுதி
அடித்தேன்.
அந்த இடத்தில் இப்போது ஒரு துளி
மஞ்சளாகக் காய்ந்திருக்கிறது.